கடலடியில் எவர்சில்வர்

பெங்களூரு மாநகரின் வடகிழக்குப் பகுதியில் லிங்கராஜபுரம் என்னும் ஊர் இருக்கிறது. பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களில் எவருடைய சமையலறைக்குள் நுழைந்தாலும், அடுக்கில் பளபளவென்று விளங்கும் எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் காணலாம். சீர்வரிசையாக வந்த குடம், குழந்தையின் காது குத்துக்கு வந்த தூக்கு, உரியவர் பெயரும் நாளும் புள்ளி புள்ளியாக வெட்டப்பெற்ற தட்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பித்தளையைப் புளியிட்டுத் துலக்க வேண்டும். அதற்கு ஈயமும் பூச வேண்டும். இரும்புச் சட்டிக்கு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். எவர்சில்வருக்கு இத்தொல்லைகள் எவையும் இல்லை. என்றும் வெள்ளியாகவே இருக்கும் என்று உறுதி கூறுவது போலவே அதன் பெயரும் அமைந்துவிட்டது.

இந்த உலோகத்தைக் கடலின் அடியில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கடற்காற்று எட்டாத ஒரு நகரத்தில் வாழ்வோருக்கு இக்கேள்வி எதற்கு என்று தோன்றலாம். நம் நாட்டின் பாலங்களும், மின் நிலையங்களும், ஆழ்கடலுக்கு அனுப்பும் கருவிகளும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே நிலைத்து நிற்கின்றன. அவ்விடையைத் தேடிய ஆராய்ச்சிகளுள் ஒன்றில் பெங்களூரு நகரத்துக்கும் பங்குண்டு. இன்னொரு தொடர்பும் உண்டு. எவர்சில்வரில் கலந்துள்ள ஓர் உலோகத்தை நாடி மனிதன் இன்று கடலடியையே தோண்ட முற்பட்டிருக்கிறான். ஆதலின், கடல் எஃகை என்ன செய்கிறது என்பதையும், எஃகை நாடும் நாம் கடலடி உயிர்களை என்ன செய்யப் போகிறோம் என்பதையும் ஒருசேரப் பார்ப்பது பொருத்தமாகும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருக்கும் நாம், அரசாங்க அறிக்கைகளைத் தமிழாக்கும்போது இவ்வுலோகத்தைத் 'துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதுகிறோம். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்னும் ஆங்கிலப் பெயர் கறை படியாமையை மட்டுமே குறிக்கின்றது. தமிழ்ப் பெயரோ எக்காலத்தும் துருவே ஏறாது என்று வாக்களித்துவிடுகின்றது. அவ்வாக்கு எவ்வளவு தூரம் மெய்யாகும் என்பதைக் கடல்தான் சோதித்துப் பார்க்கிறது.

இந்த எஃகு தோன்றி நூறாண்டுகளுக்குச் சற்று அதிகமாகிறது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். 1913ஆம் ஆண்டில் அவர் உருக்கிய ஒரு கலவையில் இரும்புடன் ஏறத்தாழ நூற்றுக்கு 13 பங்கு குரோமியம் கலந்திருந்தது. அக்கலவையை அமிலங்கள் எளிதில் தாக்கவில்லை. சற்று முன்னதாகவே ஜெர்மனியில் குருப் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள் குரோமியத்துடன் நிக்கலையும் கலந்து செய்த எஃகுக்கு உரிமம் பெற்றிருந்தனர். நம் வீட்டு நல்ல பாத்திரங்கள் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த அவ்வகைக்கு 304 என்பது வணிக எண். கடலோர வேலைகளுக்கு, இவற்றோடு 2 முதல் 3 பங்கு வரை மாலிப்டினம் சேர்ந்த 316 என்னும் வகையைப் பயன்படுத்துவர்.

குரோமியம் செய்யும் வேலை யாது? காற்றிலும் நீரிலும் உள்ள பிராணவாயு இரும்புடன் கூடினால் துரு உண்டாகிறது. துரு உதிரும் இயல்புடையது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட்டு அதுவும் துருவாகின்றது. குரோமியம் கலந்த எஃகிலோ, பிராணவாயு குரோமியத்துடன் கூடி உதிராத ஒரு மெல்லிய படலத்தை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. அப்படலத்தின் கனம் இரண்டு மூன்று நானோமீட்டரே ஆகும். பல்லாயிரம் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமயிரின் கனம் வரும். பாத்திரத்தைத் தேய்க்கும்போதோ கரண்டி உராயும்போதோ படலம் கிழிந்தால், பிராணவாயு மீண்டும் அவ்விடத்தில் குரோமியத்தைச் சேர்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் கிழிசலைத் தைத்துவிடுகிறது. இரும்புக்குப் பகையான பிராணவாயு எவர்சில்வருக்குக் காவலாக நிற்கின்றது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், பின்னர் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

காவல் நீடிக்க வேண்டுமானால் பிராணவாயு மேற்பரப்பை இடைவிடாது எட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது எட்டாத இடம் இரண்டு உண்டு. ஒன்று, ஆணியின் தலைக்கடியிலும் இரு தகடுகள் பொருந்தும் இடத்திலும் உள்ள இடுக்கு. மற்றொன்று, ஏதேனும் ஒரு பொருள் ஒட்டி மூடிக்கொண்ட பகுதி. அங்கே தேங்கிய நீரிலுள்ள பிராணவாயு சிறிது நேரத்தில் தீர்ந்துபோகிறது. அப்போது உப்பிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்து படலத்தை உடைக்கிறது. உடைந்த இடத்தில் உலோகம் கரைகிறது. கரைந்த உலோகம் மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. இடுக்கிலுள்ள நீர் அமிலமாக மாறி அரிப்பை மேன்மேலும் வளர்க்கிறது. வெளிப்பரப்பு கண்ணாடி போலவே மின்னும். உள்ளே குழி ஆழ்ந்துகொண்டே போகும். இரும்பு எங்கும் பரவலாகத் துருப்பிடித்து நமக்கு முன்னறிவிப்புத் தருகிறது. எவர்சில்வரோ அறிவிப்பின்றி ஓரிடத்தில் துளைபடுகிறது. பொறியியலாளர் அஞ்சுவது இதற்கே.

இதன் சிறு வடிவத்தை வீட்டிலேயே காணலாம். உப்புப் போட்டு வைத்த எவர்சில்வர்ச் சம்படத்தின் அடியில் சில மாதங்களில் ஊசி குத்தியது போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. உலையில் நீர் கொதிக்குமுன் கல்லுப்பை இட்டால், அது கரையாமல் அடியில் தங்கிய இடத்தில் அத்தகைய புள்ளிகள் உண்டாகலாம்; நீர் கொதித்தபின் இட்டுக் கலக்கினால் அத்தொல்லை இல்லை. ஊறுகாயையும் புளிக் கரைசலையும் நாட்கணக்கில் எவர்சில்வரில் வைத்தல் ஆகாது. பிளீச்சிங் பொடி கலந்த நீரில் பாத்திரங்களை ஊற வைப்பதும் தவறு. இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதன் துணுக்குகள் பாத்திரத்தில் பதிந்து துருவேறி, பாத்திரமே துருப்பிடித்தது போல் தோன்றச் செய்யும். கடலடி ஆராய்ச்சியில் காணும் அதே விதி இங்கும் செயல்படுவதை உணர்ந்தால், இவை பாட்டிமார் கூறும் வெறும் எச்சரிக்கைகள் அல்ல என்பது புலனாகும்.

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். இராமேசுவரம் சென்று வந்தவர்கள் பாம்பன் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய ரயில் பாலம் நூறாண்டுகளுக்கு மேலாக உப்புக் காற்றோடு போராடியது. அரிப்பைத் தடுக்க அதன் இரும்புச் சட்டங்களுக்கு ஓயாது வண்ணம் பூச வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மீது ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகில் எழுப்பப்பட்டு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற புதிய பாலத்தில், கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்தியிருக்கிறார்கள். கம்பி துருவேறினால் பருமனாகும். பருமனானால் கான்கிரீட் வெடிக்கும். அதைத் தவிர்க்கவே இச்செலவு மிகுந்த ஏற்பாடு.

அரிப்பை அறிவியல் முறையில் ஆராயும் நிறுவனமும் அப்பகுதிக்கு அண்மையிலேயே அமைந்துள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதன் பயனாக, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். அந்நிலையத்தார் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல்நீரில் ஆய்வு செய்து வந்திருக்கின்றனர். ஆய்வு முறை பார்வைக்கு எளியது. உலோகத் தகடுகளை எடையிட்டுச் சட்டங்களில் பொருத்திக் கடலில் இறக்குவார்கள். மாதங்கள் கழித்து எடுத்து, ஒட்டியவற்றை நீக்கி, மீண்டும் எடையிட்டு, குழிகளின் ஆழத்தை அளப்பார்கள். உலோகத்தின் மின்னழுத்தத்தையும் இடையிடையே குறித்துக்கொள்வார்கள். எளிய இம்முறை, உப்புநீர் நிரப்பிய தொட்டியில் ஒருபோதும் தெரியாத ஓர் உண்மையைக் காட்டிற்று. கடல்நீர் வெறும் உப்புநீர் அன்று. அஃது உயிருள்ள நீர்.

கடலில் இறக்கிய எந்தப் பொருளின் மீதும் மிகக் குறுகிய நேரத்தில் நுண்ணுயிர்கள் குடியேறத் தொடங்குகின்றன. சில நாட்களில் கொழகொழப்பான ஒரு படலம் மேற்பரப்பை மூடுகிறது. அதன்பின் பாசிகளும், குழாய்ப் புழுக்களும், கொட்டலசுகளும், சிப்பிகளும் வரிசையாக வந்து சேர்கின்றன. தோணியின் அடியில் வெண்மையான சிறு கூம்புகள் போல் இறுக ஒட்டிக்கொண்டிருப்பவையே கொட்டலசுகள். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்துக்குக் குளிர்நீர் கொண்டுவரக் கடலுக்கடியில் 468 மீட்டர் நீளத்திற்குச் சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். அதில் பச்சை நிறச் சிப்பிகள் பெருமளவில் குடியேறி நீரோட்டத்திற்கு இடையூறு விளைவித்தன. அவற்றைத் தடுக்கக் குளோரினைக் கலக்க வேண்டியதாயிற்று. குளோரினோ அளவு மீறினால் எஃகின் படலத்தையும் பதம் பார்க்கும். உயிர்களை விரட்டுவதற்கு இடும் மருந்தே உலோகத்திற்கு நஞ்சாகும் இக்கட்டு இது.

கொட்டலசு எஃகை எவ்வாறு கெடுக்கிறது என்பதைக் காரைக்குடி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொட்டலசு இறந்து அதன் உடல் ஓட்டுக்குள் அழுகுமாயின், அங்கே நுண்ணுயிர்கள் பெருகி, பிராணவாயுவைத் தீர்த்து, அமிலத்தை உண்டாக்குகின்றன. மூடிய ஓடு அப்போது ஓர் இடுக்காகவே மாறிவிடுகிறது. நாம் மேலே கண்ட இடுக்கு அரிப்பு முழுவேகத்துடன் தொடங்குகின்றது.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம் செய்யும் காரியம் இதனினும் வியப்புடையது. இத்தாலிய ஆய்வாளர்களான மொல்லிக்கா, திரேவிஸ் என்னும் இருவர் 1976ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். இயற்கைக் கடல்நீரில் வைத்த துருப்பிடிக்காத எஃகின் மின்னழுத்தம், நுண்ணுயிர்ப் படலம் வளர வளரச் சில நூறு மில்லிவோல்ட் அளவுக்கு ஏறுகிறது என்பதே அது. உயிர்களை நீக்கித் தூய்மைப்படுத்திய கடல்நீரில் இவ்வாறு நேர்வதில்லை. ஓர் உவமையால் இதன் பொருளை விளக்கலாம். அரிப்பு என்பது நெருப்பு எனில், இடுக்கில் கரையும் உலோகம் விறகு. வெளிப்பரப்பில் பிராணவாயு செலவாகும் செயல் காற்று. நுண்ணுயிர்ப் படலம் வெளிப்பரப்பில் அச்செயலை விரைவுபடுத்தித் துருத்தியைப் போல் ஊதுகின்றது. நெருப்பு வேறோரிடத்தில் கொழுந்துவிட்டு எரிகின்றது.

குளிர்ந்த கடல்களைப் பற்றிய ஆராய்ச்சி இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. வெப்பம் மிகுந்தால் அரிப்பும் மிகும், குளிர்ந்தால் குறையும் என்பது பொது அறிவு. இரசாயன விதியும் பெரும்பாலும் அதுவே. ஆனால் வட ஐரோப்பியக் கடல்களில் செய்த சோதனைகளில், நீரை 40 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றியபோது நுண்ணுயிர்ப் படலத்தின் துருத்தி வேலை நின்றுவிட்டது. குளிர்ந்த இயற்கை நீரிலோ அது தொடர்ந்து நடந்தது. குளிர்ந்த நீரில் வாழப் பழகிய உயிர்கள் குளிரிலேயே தம் தொழிலைச் செவ்வனே செய்கின்றன. ஆகவே குளிரை மட்டும் நம்பி எஃகை இறக்குவது பாதுகாப்பாகாது. அதனால்தான் அப்பகுதி எண்ணெய்க் கிணறுகளில் கடல்நீர்க் குழாய்களுக்கு 6 பங்கு மாலிப்டினம் கலந்த விலையுயர்ந்த எஃகைப் பயன்படுத்தலாயினர்.

குளிர்ந்த கடல் என்றவுடன் நார்வேயும் துருவப் பிரதேசமுமே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் குளிர்ந்த கடல் நம் காலடியிலேயே இருக்கிறது. வங்கக் கடலின் மேற்பரப்பு 28 பாகை அளவில் வெதுவெதுப்பாக இருந்தாலும், கீழே செல்லச் செல்ல வெப்பம் விரைந்து குறைகிறது. 1,000 மீட்டருக்குக் கீழே குளிர் மிகுகிறது. 5,000 மீட்டர் ஆழத்தில் நீர் உறைநிலைக்குச் சற்றே மேலான நிலையில் உள்ளது. அந்நீர் தென் துருவத்தை அடுத்த கடல்களில் குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கி, நெடுங்காலம் ஊர்ந்து வந்ததாகும். கதிரவன் ஒளி அங்கே சிறிதும் எட்டாது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுவதால், 5,000 மீட்டரில் அழுத்தம் 500 மடங்காகிறது.

அத்தகைய ஆழத்தில் உலோகங்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அமெரிக்கக் கடற்படையினர் 1962ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பரந்த அளவில் சோதித்தனர். ஏறத்தாழ 475 உலோகக் கலவைகளில் செய்த சுமார் 20,000 மாதிரிகளை, 760 மீட்டர், 1,830 மீட்டர் ஆகிய ஆழங்களில் இறக்கி எடுத்துப் பார்த்தனர். 304 போன்ற எஃகு வகைகள் ஆழத்திலும் இடுக்குகளில் அரிக்கப்பட்டன. மேற்பரப்பில் மெல்லிய துளையாகத் தொடங்கிய அரிப்பு உட்புறத்தில் சுரங்கமாக ஓடியதையும் கண்டனர்.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வைச் சென்னையில் 1993ஆம் ஆண்டு தோன்றிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டது. இந்துமாக் கடலில் 500, 1,200, 3,500, 5,100 மீட்டர் ஆகிய நான்கு ஆழங்களில் இரும்புக் கலவைகளை 168 நாட்கள் வைத்து எடுத்தனர். இதன் முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளியாயின. லிங்கராஜபுரத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ளதும், பெங்களூருவாசிகள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று அழைப்பதுமான இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உலோகவியல் அறிஞரும் இவ்வாய்வில் பங்கு கொண்டார். கடலே இல்லாத நகரத்தில் ஆழ்கடலிலிருந்து வந்த உலோகத்தை ஆராய்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் உலோகத்தின் உள்ளமைப்பைப் படிக்கும் கலை அங்கேதான் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வந்திருக்கிறது.

சாதாரண எஃகின் அரிப்பு நீரிலுள்ள பிராணவாயுவின் அளவையொட்டி ஏறி இறங்குவதை இவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று. நம் கடல்களில் சுமார் 150 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரையிலான இடைப்பகுதியில் பிராணவாயு மிகவும் குறைவு. மேலிருந்து விழும் உயிரினச் சிதைவுகள் அழுகுவதில் அது செலவாகிவிடுகிறது. அதற்குக் கீழே, தென் துருவத்திலிருந்து வந்த குளிர்நீரில் பிராணவாயு மீண்டும் கூடுகிறது. ஆகவே ஆழம் கூடக்கூட அரிப்பு ஒரே சீராகக் குறைந்துகொண்டு போவதில்லை. துருப்பிடிக்காத எஃகுக்கோ இதில் இரட்டை நிலை. அதற்குப் பிராணவாயுவே காவல். இடுக்குக்கு வெளியே அரிப்பை ஊதி வளர்ப்பதும் அதே பிராணவாயு. எந்த ஆழத்தில் எது மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட இயலாது. இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஆழத்திற்கே உரிய வேறு இரண்டு குறைகளும் உண்டு. தூத்துக்குடிப் பகுதியில் காரைக்குடி ஆய்வாளர்கள் செய்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், சூரிய ஒளி பட்ட 316 வகை எஃகு, இருளில் இருந்ததைவிட அரிப்பை நன்கு தாங்குவதைக் கண்டனர். ஒளியே புகாத ஆழத்தில் இவ்வுதவி கிட்டாது. இரண்டாவதாக, கடலில் உள்ள எஃகைக் காக்கத் துத்தநாகம், அலுமினியம் போன்ற உலோகங்களை அதனுடன் இணைத்து, அவை கரைந்து எஃகைக் காப்பாற்றும்படி செய்வது வழக்கம். வெதுவெதுப்பான நீரில் இம்முறையைக் கையாளும்போது எஃகின்மேல் சுண்ணாம்புப் படிவு தானாகவே ஏறி ஒரு போர்வையாகிறது. குளிர்ந்த ஆழ்நீரில் சுண்ணாம்பு எளிதில் படியாது. ஆகவே காவல் உலோகம் அதிகமாகச் செலவாகிறது.

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல இந்நிறுவனம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' என்னும் கலத்தின் வரலாற்றை இவ்வறிவின் ஒளியில் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் எஃகினால் செய்த உருண்டையை வங்கக் கடலில் 600 மீட்டர் ஆழம் வரை இறக்கிச் சோதித்தனர். ஆனால் 6,000 மீட்டருக்குச் செல்லும் உருண்டைக்கு 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியக் கலவையைத் தேர்ந்துகொண்டனர். டைட்டானியம் எடை குறைந்தது, வலிமை மிக்கது, அதன் மேற்படலத்தைக் கடலுப்பு எளிதில் உடைப்பதில்லை. மனித உயிர் உள்ளே இருக்கும் கலத்தில் ஓர் ஊசிமுனைக் குழிக்கும் இடம் கொடுக்க முடியாதல்லவா?

இதுவரை கடல் நம் உலோகத்துக்கு இழைப்பதைக் கண்டோம். நம் உலோகம் இறங்கும் இடத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுதல் முறையாகும்.

ஆழ்கடலின் அடி பெரும்பாலும் மென்மையான சேற்றுச் சமவெளி. அங்கே வளையப் புழுக்களும், மெல்லிய நீண்ட கைகளையுடைய நட்சத்திர உயிர்களும், மண்டபம் மீனவர்கள் நன்கு அறிந்த கடல் அட்டையின் உறவினங்களும், கடற்பஞ்சுகளும் வாழ்கின்றன. மேலிருந்து தூறலாக விழும் உணவுத் துணுக்குகளே அவற்றின் வாழ்வாதாரம். குளிரும் உணவுப் பஞ்சமும் சேர்ந்து அவற்றின் வாழ்க்கையை மிக மெதுவாக நடத்துகின்றன. ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்களுக்குச் சேற்றில் பிடிமானம் இல்லை. உருளைக்கிழங்கு போல் சிதறிக்கிடக்கும் உலோக உருண்டைகளே அங்கே கிடைக்கும் கெட்டியான தளம். அவ்வுருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே வளர்பவை.

இத்தகைய குளிர்நீர்ச் சமுதாயம் சிறு மாற்றத்தாலும் நிலை குலையும் என்பதற்குத் தென் துருவத்தில் ஒரு சான்று கிடைத்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அங்குள்ள ராத்தெரா நிலையத்தின் அருகே, உயிர்கள் குடியேறுவதற்கான தகடுகளைக் கடலடியில் வைத்து, சிலவற்றை மட்டும் சுற்றியுள்ள நீரைவிட ஒரு பாகை சூடாக்கி வைத்தனர். 2017ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுப்படி, பாசி போல் படரும் ஒருவகைச் சிறு விலங்கு அத்தகடுகளில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்து மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டது. ஒரே ஒரு பாகை வெப்பம் ஒரு சிற்றூரின் குடியமைப்பையே மாற்றிவிட்டதற்கு ஒப்பாகும் இது.

உலோகத்தைக் காக்க நாம் செய்யும் ஏற்பாடே உயிர்களுக்குக் கேடாவதும் உண்டு. கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டாமலிருக்க, வெள்ளீயம் சேர்ந்த ஒரு நச்சு வண்ணத்தை முன்னர்ப் பூசி வந்தனர். அந்நஞ்சு நீரில் கசிந்ததால் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்புகள் முளைத்தன. பிரான்சு நாட்டில் சிப்பிப் பண்ணைகள் நலிந்தன. உலக நாடுகள் 2001ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கை 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பின்னரே அவ்வண்ணத்துக்குத் தடை ஏற்பட்டது. அரிப்பை ஆராய்பவரும் உயிர்களை ஆராய்பவரும் தனித்தனியே இயங்கினால் விளையும் தீங்குக்கு இது போதிய எடுத்துக்காட்டு.

இன்று அவ்விருவரும் கலந்து ஆராய வேண்டிய மிகப் பெரிய பொருள் ஒன்று எழுந்திருக்கிறது. மேலே கூறிய உலோக உருண்டைகளில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட்டு ஆகியவை அடங்கியுள்ளன. மத்திய இந்துமாக் கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றைத் தேடி ஆராயும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அங்கே 38 கோடி டன் உருண்டைகள் கிடக்கலாம் என்றும், அவற்றில் நிக்கல் மட்டும் 47 லட்சம் டன் இருக்கலாம் என்றும் அரசாங்கம் மதிப்பிட்டுள்ளது. உலகில் எடுக்கப்படும் நிக்கலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி துருப்பிடிக்காத எஃகைச் செய்வதற்கே பயன்படுகிறது. நம் நாடோ நிக்கலுக்குப் பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. இறக்குமதிச் சுமை குறைய வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதே. அவ்விருப்பத்திற்குக் கடலடி கொடுக்கவேண்டிய விலை என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

அதற்கு விடை காண நம் ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டிலேயே முயன்றனர். மத்திய இந்துமாக் கடலில், 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 3,000 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பட்டையைத் தேர்ந்து, இயந்திரத்தால் சேற்றைக் கிளறி நீரில் பரப்பினர். அதன்பின் அங்குள்ள சிற்றுயிர்களின் தொகை குறைந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது மெல்ல மீளும் அறிகுறிகள் தென்பட்டன. ஆனால் பழைய நிலை முழுமையாகத் திரும்பிவிடவில்லை. பெரு நாட்டுக்கு அப்பால் ஜெர்மானியர் 1989ஆம் ஆண்டில் இதைப் போலவே கடலடியை உழுது பார்த்தனர். 26 ஆண்டுகள் கழித்து 2015ஆம் ஆண்டில் மீண்டும் சென்றபோது, நேற்று உழுதாற்போலக் கொழுவின் தடங்கள் அப்படியே கிடந்தன. மழையும் வெயிலும் இல்லாத அவ்வுலகில் காயங்களை ஆற்றுவோர் இல்லை.

கடலடியில் சுரங்கத் தொழில் நடத்துவதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு, ஜமைக்காவில் உள்ள பன்னாட்டுக் கடலடி ஆணையத்தைச் சார்ந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் கூடிய அதன் கூட்டத்திலும் விதிகள் முடிவாகவில்லை. எத்தனை ஆண்டுகள் சோதித்த பின் தோண்டலாம், எப்பகுதியை என்றென்றும் தொடாமல் விட வேண்டும், கெட்டுப்போன கருவிகளை மேலே கொண்டுவரும் கடமை யாருடையது என்பன போன்ற கேள்விகள் வருங்கால வாழ்வைத் தொடுவன. அவற்றை அறிஞர்கள் மட்டும் பேசித் தீர்த்துவிட இயலாது. நாட்டு மக்கள் செய்தி அறிந்து கருத்துச் சொல்ல வேண்டும். அது தத்தம் தாய்மொழியில் விளக்கப்பட்டால்தான் கைகூடும்.

நிக்கலைப் பெற வேறு வழியும் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு உருக்கினால் மீண்டும் எஃகாகும். அதிலுள்ள நிக்கலும் குரோமியமும் வீணாவதில்லை. பழைய பாத்திரங்களையும் ஆலைக் கழிவுகளையும் வகை பிரித்துச் சேர்க்கும் வேலையைச் செய்யும் எளிய மக்கள், தாம் அறியாமலே கடலடிக்கும் ஓர் உபகாரம் செய்கிறார்கள். அவ்வேலையைச் சீர்ப்படுத்தினால் தோண்ட வேண்டிய அளவு அந்த அளவுக்குக் குறையும். ஆழத்திற்கு அனுப்பியே தீர வேண்டிய கருவிகளைப் பொறுத்தமட்டில், எஃகு எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்று கணக்கிடும் அதே ஏட்டில், அஃது இறங்கிய இடத்து உயிர்கள் எத்தனை ஆண்டுகளில் மீளும் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். முதல் கணக்கைப் போடக் காரைக்குடியும் சென்னையும் பெங்களூருவும் நமக்குக் கற்றுத் தந்துள்ளன. இரண்டாவது கணக்கில் நாம் இன்னும் தொடக்க நிலையிலேயே இருக்கிறோம்.